கடிதக் கம்பியும் புழு போன வழியும்

பரமக்குடி வீட்டை ஒழித்தபோது எல்லாரும் பித்தளைப் பாத்திரங்களைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். என் பங்குக்குக் கேட்டு வாங்கியது இரண்டு கடிதக் கம்பிகள். பார்த்திராதவர்களுக்காக: அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மர வட்டம், அதில் நட்ட நீளக் கம்பி, நுனியை வளைத்து ஆணியில் மாட்டிவிடுவார்கள். கார்டு வரும், படிப்பார்கள், கம்பியில் குத்திவிடுவார்கள். தாத்தா கடிதங்களோடு பேப்பர் துண்டுகளையும் கத்தரித்துக் குத்தியிருந்தார்.

முதல் கம்பியில் 137 கடிதங்கள், 22 பேப்பர் துண்டுகள். பெரும்பாலும் தாத்தாவின் அண்ணன் எழுதியவை. கொழும்பில் செட்டியார் தெருவில் கடை வைத்திருந்தார். எங்களுக்கு அவர் கொழும்புத் தாத்தா.

முதல் நாள் இரவே பெரிய தப்பைச் செய்தேன். எல்லாவற்றையும் கம்பியிலிருந்து உருவி, சீட்டுக்கட்டு பிரிப்பதுபோல் எழுதியவர் வாரியாகக் குவியல் குவியலாக வைத்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆவணக் காப்பகத்தில் வேலை பார்க்கும் நண்பரிடம் போட்டோ அனுப்பிப் பெருமையடித்ததும் ஒரே கேள்விதான் கேட்டார். “கம்பில இருந்த வரிசையக் குறிச்சுக்கிட்டீங்களா?”

குறிக்கவில்லை. பழசு அடியில், புதுசு மேலே. கம்பியே தேதிப் பட்டியல். அதை நானே கலைத்துவிட்டேன்.

அடுத்த மூன்று மாதமும் கலைத்ததைத் திரும்ப அடுக்கும் வேலைதான். அஞ்சல் முத்திரை பாதிக்குமேல் தேய்ந்திருந்தது. கொழும்புத் தாத்தா தமிழ்த் தேதிதான் போடுவார். வருஷப் பெயர் இருந்தால் கவலையில்லை. அறுபது ஆண்டுக்கு ஒருமுறைதானே திரும்பும். ‘குரோதி வருஷம் மார்கழி 12’ என்றால் 1964 டிசம்பர் கடைசி. அந்தக் கடிதத்தில் முழுக்கப் புயல். டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்துப் பயணிகளோடு ரயிலையும் கடல் இழுத்துக்கொண்டதே, அதைத்தான் எழுதியிருக்கிறார். தலைமன்னார் கப்பல் நின்றுவிட்டது, ஆள் மூலம் ஒன்றும் கொடுத்தனுப்ப வழியில்லை என்று. ஆனால் பல கார்டுகளில் வெறும் ‘ஆனி 5’. எந்த ஆனி?

எழுத்தை வைத்துக் கணிக்கலாமா என்றும் பார்த்தேன். தும்பிக்கை போட்ட பழைய ‘லை’ 1978 எழுத்துச் சீர்திருத்தத்தோடு போய்விட்டது. ஆனால் இந்தக் கம்பியில் உள்ள எல்லாமே அதற்கு முந்தியவை. தாத்தாவோ சாகும்வரை தும்பிக்கையை விடவில்லை. வீண் வேலை.

கைகொடுத்தவை பேப்பர் துண்டுகள். செய்தித்தாளை மரத்தை அப்படியே அரைத்த கூழில் செய்கிறார்கள். அதிலுள்ள லிக்னின் நாளாக ஆகப் பழுத்து அமிலமாகும். பக்கத்தில் இருக்கும் காகிதத்திலும் அந்தப் பழுப்பு இறங்கும். அதனால் ஒவ்வொரு துண்டும் முன்னும் பின்னும் இருந்த கடிதங்களில் தன் அளவுக்கே ஒரு நிழலை விட்டிருந்தது. காகிதத்துக்குக் கேடு, எனக்கு லாபம். ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தச் செய்தி ஒன்று ஒல்லியான நீளத் துண்டு. இலங்கையில் குடியுரிமையில்லாமல் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும் என்ற இடத்தில் தாத்தா சிவப்பில் கோடு போட்டிருந்தார். ஒப்பந்தம் கையெழுத்தானது 1964 அக்டோபர் 30. துண்டின் முதுகில் ‘நவம்பர் 3 தீபாவளி முதல்’ என்று சினிமா விளம்பரம். ஆக, அந்த நாலைந்து நாளுக்குள் வந்த பேப்பர். அதே ஒல்லி நிழல் விழுந்த இரண்டு கார்டுகளைத் தேடிப் பிடித்ததும் அவற்றின் தேதியும் பிடிபட்டது.

இடையில் பூச்சிப் பிரச்சினை. நடுவில் இருந்த ஐம்பது, அறுபது தாள்களைப் புழு துளைத்திருந்தது. ஜிப் பையில் காற்றில்லாமல் மூடி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தேன். (மீனுக்குப் பக்கத்தில் உங்க தாத்தாவா என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி.) வெளியே எடுத்தபின் ஒரு நாள் பையைத் திறக்கவே கூடாது. நான் அரை மணியில் திறந்தேன். குளிர்ந்த தாளில் ஈரம் வியர்த்தது. சாதாரண பென்சில் எழுத்து என்று நினைத்திருந்த இரண்டு கார்டுகள் கண்ணெதிரே ஊதாவாகக் கசிந்தன. அது காப்பியிங் பென்சில். ஈரம் பட்டால் சாயம் இளகிவிடும். ஒன்றில் நாலு வரி போயே போய்விட்டது.

மற்றபடி: துருப்பிடித்த குண்டூசிகளைக் கழற்றினேன். பேப்பர் துண்டுகளைத் தனி உறையில் போட்டேன். வரிசை எண்ணை மெல்லிய பென்சிலில் ஓரத்தில் எழுதினேன். ஸ்கேன் 600 டிபிஐ. ஒரு கார்டின் ஒரு பக்கமே 20 எம்பி தாண்டுகிறது. லேமினேஷன் பண்ணலாமே என்று கேட்காதவர் இல்லை. சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு உரிக்கவே முடியாது, வேண்டாம்.

எல்லாம் கூடிவந்த நேரத்தில் 95ஆம் எண் இடித்தது. விசுவாவசு ஆவணி, அதாவது 1965. ‘முன்பு போட்ட கார்டு கிடைத்திருக்கும். நீ புறப்பட்டு வரவேண்டாம், எல்லாம் ஆகிவிட்டது’ என்று தொடங்குகிறது. அந்த முந்தைய கார்டு எங்கே? 94 ஆனியில் எழுதியது. அதில் கடைச் சமாச்சாரம்தான். நான்தான் முதல் இரவில் தொலைத்தேன் என்று உறுதியாக நம்பினேன். அலமாரிக்கு அடியில், பழைய பேப்பர் கட்டில், வண்டி டிக்கியில்கூடத் தேடினேன்.

கடைசியில் புழுதான் காப்பாற்றியது. துளைப்பதோடு அது இரண்டு தாள்களுக்கு நடுவில் மேலாகவும் அரித்துக்கொண்டு போகும். 94இன் முதுகில் இருந்த வாய்க்கால், 95இன் முகத்தில் இருந்ததோடு கண்ணாடியில் பார்ப்பதுபோல் பொருந்தியது. இரண்டும் ஒட்டித்தான் இருந்திருக்கின்றன. நடுவில் எதுவும் கம்பியில் ஏறவே இல்லை.

அத்தைக்குப் போன் போட்டேன். “அது இழவுக் கார்டா இருக்கும்பா. அதையெல்லாம் வாசல்லயே படிச்சுக் கிழிச்சுப் போட்டுருவாங்க. வீட்டுக்குள்ள வராது.”

யார் என்று அத்தைக்கு நினைவில்லை. திரும்பக் கார்டுகளைப் புரட்டினேன். 94 வரை அநேகமாக எல்லாக் கார்டிலும் அடியில் நெருக்கிப் பிடித்து, வேறு கையெழுத்தில் இரண்டு வரி இருக்கும். கொழும்புப் பாட்டி எழுதுவது. 94இல், ‘அப்பளம் வந்தது. உப்பு கூடுதல்.’ 95இலிருந்து அந்தக் கையெழுத்து இல்லை.

பட்டியலில் 94அ என்று ஒரு எண் போட்டு, ‘கார்டு, வீட்டுக்குள் வரவில்லை’ என்று எழுதியிருக்கிறேன். இரண்டாவது கம்பியை இன்னும் உருவவில்லை. ஆணியில் மாட்டி நாலு பக்கமும் போட்டோ எடுத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மேலிருந்து ஒவ்வொன்றாக.