நாம்சேயில் தங்காமல் விட்ட ஓர் இரவு

வெள்ளவத்தையில் எங்கள் வீடு ஐந்தாம் மாடி. மூன்று மாதம் லிஃப்டில் ஏறவே இல்லை. முதுகுப்பைக்குள் பத்துக் கிலோ அரிசியை வைத்துக்கொண்டு விடிய நான்கரைக்கே படி ஏறி இறங்குவேன். இடையில் இரண்டு தடவை சிவனொளிபாதமலை. ஜயந்தி குரு உதும்பால 2016இல் எவரெஸ்ட் உச்சியில் நின்ற முதல் இலங்கையர் என்று வாசித்த நாளிலிருந்தே, அதன் பேஸ் காம்ப் வரைக்குமாவது நடந்துவிட வேண்டும் என்று ஆசை.

கால் நன்றாகவே பழகியிருந்தது. உயரத்துக்குத்தான் உடம்பு பழகவில்லை. கொழும்பில் இருந்துகொண்டு அதைப் பழக்கவும் முடியாது. நேபாளத்தில் விமானம் இறங்கும் லுக்லாவே 2,860 மீற்றர். எங்கள் பிதுருதலாகலை 2,524தான். நடக்கத் தொடங்கும் இடமே எங்கள் நாட்டு மலைகள் எல்லாவற்றையும்விட உயரம்.

3,000 மீற்றரைத் தாண்டினால், படுக்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீற்றருக்கு மேல் கூட்டக் கூடாது என்பார்கள். இடையிடையே ஒரு நாள் ஓய்வும் வேண்டும். 3,440 மீற்றரில் இருக்கும் நாம்சேயில் எல்லாரும் இரண்டு இரவு தங்குவது அதற்காகத்தான். லீவு பன்னிரண்டு நாள்தானே என்று அந்த இரண்டாவது இரவை வெட்டச் சொன்னது நான். வழிகாட்டித் தம்பி வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை.

4,410 மீற்றரில், டிங்போச்சேயில் பிடித்துக்கொண்டது. சப்பாத்து நாடா கட்டக் குனிந்தால் மண்டைக்குள் தண்ணீர் ஆடுவது போல ஒரு வலி. கூட வந்த மச்சாளிடம் மறைத்துவிட்டேன். இரவு பூண்டு சூப் வந்தது. அதில் மிதந்த எண்ணெய்ப் பொட்டுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒரு கரண்டிகூட இறங்கவில்லை. வழிகாட்டி கிண்ணத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"தீதி, தலை வலிக்கிறதா?" என்று இந்தியில் கேட்டார்.

"ஓமெண்டு சொல்லடி," என்றாள் மச்சாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

காலையில் 400 மீற்றருக்கு மேல் இறங்கி பாங்போச்சே வந்தோம். பின்னேரம் தலைவலி போய்விட்டது, டால் பாத் இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன். தலைவலியோடு மேலே போயிருந்தால் மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்திருக்கலாம். அந்தப் பாதையில் ஆட்கள் சாவது அப்படியும்தான். டயமொக்ஸ் என்ற மாத்திரை உடம்பு உயரத்துக்குப் பழக உதவும், டொக்டரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். ஆனால் வலி வந்த பிறகு மாத்திரையைப் போட்டுக்கொண்டு மேலே ஏறாதீர்கள். தயவுசெய்து இறங்குங்கள். பக்கத்தில் வருபவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள்.

பேஸ் காம்ப் பார்க்கவில்லை. மச்சாளும் எனக்காகத் திரும்பிவிட்டாள், அதைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை. இரண்டு நாள் ஒரு கல்மதிலில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து அமா டப்லாம் மலையைப் பார்த்தோம்.

அடுத்த ஒக்டோபருக்குப் பதினெட்டு நாள் லீவு கேட்டிருக்கிறேன். நாம்சேயில் இரண்டு இரவு, டிங்போச்சேயில் இரண்டு இரவு. அட்டவணையை இந்த முறை மச்சாள் எழுதினாள்.