காசு கொடுத்து வாங்கியதும் கழிவுதானாம்

கொழும்புப் பக்கத்து ஈயம் உருக்கும் ஆலை வாசலில் லொறியை நிறுத்திவிட்டு ட்ரைவர் போன் எடுத்தான். "அண்ணே, கழிவு லைசன்ஸ் கேக்கிறாங்கள். இல்லாட்டி இறக்க விடமாட்டாங்களாம்."

திருகோணமலையிலிருந்து போன இரண்டு தொன் பழைய பற்றரி அப்படியே திரும்பி வந்தது.

பிழை என்னிலும்தான். கொட்பே படகுகளிலும் ஆட்டோக்களிலும் கழற்றும் பற்றரியை நான் நிறுத்து, காசு கொடுத்து வாங்குகிறேன். எடையில் பாதிக்கு மேல் ஈயம். உருக்கினால் மறுபடி பற்றரி. அது எப்படிக் கழிவாகும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் சட்டம் விலையைப் பார்ப்பதில்லை. 2008 பெப்ரவரியில் வந்த 1534/18 அரச வர்த்தமானியின் அட்டவணையில் அடங்கினால் அது கழிவு. சேகரிக்க, களஞ்சியப்படுத்த, ஏற்றிச் செல்ல, மறுசுழற்சி செய்ய, எல்லாவற்றுக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். என் வியாபாரப் பதிவு அங்கே செல்லாக்காசு.

அனுமதிப்பத்திரம் கொடுக்கிற மத்திய சுற்றாடல் அதிகார சபையின் விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் "பழைய இரும்பு, பற்றரி" என்று எழுதிக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்தவர் முதல் சொல்லோடு நிறுத்திக்கொண்டார். "இரும்பெண்டால் உள்ளூராட்சி சபைக்குப் போங்கோ." சபையில், "பற்றரி எங்கட வேலையில்லை." இப்படியே இரண்டு கிழமை. மூன்றாம் தடவை இரும்பு என்ற சொல்லை வெட்டிவிட்டு, "பாவித்த ஈய அமில பற்றரி: சேகரித்தல், களஞ்சியப்படுத்தல், ஏற்றிச் செல்லல்" என்று எழுதினேன். அதே கவுண்டர், அதே ஆள். ஒரு கேள்வியில்லாமல் முத்திரை விழுந்தது. செய்யும் வேலை ஒவ்வொன்றையும் தனித்தனியே எழுதுங்கள். ஏற்றிச் செல்லலை விட்டால் லொறி வாசலில்தான் நிற்கும்.

அப்புறம் இடம் பார்க்க வந்தார்கள். தரைக்குப் புதுச் சீமெந்து போட்டிருந்தேன், கொஞ்சம் பெருமைதான். வந்த ஐயா ஒன்றும் பேசாமல் ஒரு கோப்பை தண்ணீரை மூலையில் ஊற்றினார். அது மெல்ல ஊர்ந்து, வாசற்படியைத் தாண்டி, கிணற்றுப் பக்கம் போனது.

"அசிட்டும் இந்த வழியாலதான் போகும் தம்பி."

சுற்றிவர நாலு அங்குலக் கட்டு, ஒரு மூலையில் குழி, மேலே கூரை. செலவு கடித்தது, ஆனாலும் கிணறு என்னுடையது. அசிட்டை மண்ணில் ஊற்றிவிட்டுப் பற்றரி விற்க வருகிறவர்களிடம் இப்போது நான் வாங்குவதில்லை.

மற்றக் கடதாசிகள் சிக்கலில்லாமல் முடிந்தன. போன கிழமை அதே லொறி அதே வாசலுக்குள் போய் இறக்கிவிட்டு வந்தது. ட்ரைவர் இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி: "அண்ணே, அண்டைக்குச் சும்மா போய் வந்த டீசல் காசு?"

பாதி கொடுத்திருக்கிறேன்.