ஜாதகம் பொருந்தவில்லை என்று சொன்னது போதவில்லை

2023 ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை, தமிழ்ப் புத்தாண்டு. சிங்கப்பூரில், தெம்பனிசில் எங்கள் வீட்டில் அம்மா மாங்காய்ப் பச்சடி செய்துகொண்டிருந்தார். நான் ஹேவ்லாக் ஸ்குவேரில், அரசு நீதிமன்றங்கள் இருக்கும் அந்த உயரமான கட்டடத்தில், மடியில் ஒரு கோப்பை வைத்துக்கொண்டு எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். கோப்பில் எண்பத்திரண்டு ஸ்க்ரீன்ஷாட்டுகளும் பூச்சரம் சுற்றி வந்த பிளாஸ்டிக் உறைகளின் படங்களும் இருந்தன.

வேண்டாம் என்ற பிறகும் ஒருவர் விடாமல் தொல்லை கொடுக்க, என்னைப்போல் யாராவது ராத்திரி ஒரு மணிக்குப் போனை வைத்துக்கொண்டு "இதற்கெல்லாம் கேஸ் போட முடியுமா" என்று தேடிக்கொண்டிருக்கலாம். அவருக்காகத்தான் எழுதுகிறேன்.

ஆரம்பம் நல்லபடியாகத்தான் இருந்தது. பொங்கல் முடிந்த வாரம் அத்தை ஒரு வரன் கொண்டுவந்தார். பொறியாளர், நிரந்தரவாசி, அமைதியான குடும்பம். சிராங்கூன் சாலையில் ஓர் உணவகத்தில் இரண்டு முறை சந்தித்துப் பேசினோம். மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் எனக்கு மனம் ஒட்டவில்லை. வீட்டில் சொன்னேன். அத்தை மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் போன் செய்து, "ஜாதகம் பொருந்தவில்லை, மன்னிச்சிக்குங்க" என்று சொல்லிவிட்டார். நம் வீடுகளில் அப்படித்தானே சொல்வோம்? யார் மனமும் நோகாது, பழியைக் கிரகங்கள் மேல் போட்டுவிடலாம்.

பத்து நாள் கழித்து அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. ஒரு கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நிற்கிறார். கீழே: "தோஷத்துக்குப் பரிகாரம் பண்ணிட்டேன். இனி தடையில்ல."

அதைப் பார்த்து நான் பதில் போடவில்லை. போட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அம்மா, "பதில் போடாதே, தானா ஓய்ந்துடும்" என்றார். ஓயவில்லை. தினம் காலை வணக்கம், அப்புறம் கவிதை, அப்புறம் நான் எந்த எம்ஆர்டி ரயிலில் ஏறினேன் என்ற விவரம். பிப்ரவரி கடைசியில் தஞ்சோங் பகாரில் என் அலுவலக வரவேற்பு மேசைக்கு மல்லிகைச் சரம் வந்தது. லிட்டில் இந்தியாவில் கட்டி வாங்கிய சரம், வாழையிலையில் சுருட்டி, மேலே பிளாஸ்டிக். முதலில் வாரம் ஒன்று. பிறகு இரண்டு, மூன்று. சக ஊழியர்களுக்கு அது அழகாகத் தெரிந்தது. "உனக்குக் கொடுத்து வைத்திருக்கிறது" என்று ஒருத்தி மனதாரச் சொன்னாள். எனக்கு மின்தூக்கி திறந்ததும் அந்த மணம் வருகிறதா என்று மூச்சை இழுத்துப் பார்ப்பதே வழக்கமாகிவிட்டது. மல்லிகை வாசனைக்கு வயிறு பிசையும் என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

மேலாளரிடம் சொன்னேன். சொந்த விஷயம், அலுவலகம் தலையிட முடியாது என்றார். அந்தப் பதிலில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. ஆனால் வரவேற்பில் இருந்த சீன ஆன்ட்டி ஒரு காரியம் செய்தார். நான் கேட்காமலேயே, ஒவ்வொரு உறை வரும்போதும் கறுப்பு மார்க்கரால் அதன்மேல் தேதியும் நேரமும் எழுதி, படம் எடுத்து எனக்கு அனுப்பினார். "வெச்சிக்கோ, ஒருநாள் யாராவது கேட்பாங்க" என்று அவருடைய ஆங்கிலத்தில் சொன்னார். அவர் கையெழுத்துத்தான் பின்னால் நீதிமன்றத்தில் பேசியது.

மார்ச் 14 அன்று நானே எழுதினேன். ஜாதகம், வீடு, பெரியவர்கள் எதையும் இழுக்கவில்லை. "எனக்கு உங்களைத் திருமணம் செய்துகொள்ள விருப்பமில்லை. இனி எனக்கு மெசேஜ் அனுப்ப வேண்டாம். பூ அனுப்ப வேண்டாம். நேரில் வர வேண்டாம்." நான்கு வரி. எழுத நாற்பது நிமிடம் பிடித்தது. கை நடுங்கியது உண்மை. ஒருவரை நேருக்கு நேர் வேண்டாம் என்று சொல்ல எனக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை.

இரண்டு நீல டிக் விழுந்தது. மறுநாள் காலையில் பூ வந்தது. அதிலிருந்து ஒவ்வொரு வேலைநாளும் வந்தது. ஏப்ரல் 11 வரை பத்தொன்பது சரங்கள். அன்று சாயங்காலம் வீடு திரும்பும்போது எங்கள் அடுக்குமாடி புளோக் கீழ்த்தளத்தில், மின்தூக்கிக்குப் பக்கத்தில், அவர் நின்றுகொண்டிருந்தார்.

அக்கம்பக்கக் காவல் நிலையத்துக்குத் தம்பியோடு போய்ப் புகார் கொடுத்தேன். அதிகாரி பொறுமையாக எழுதிக்கொண்டார். கதவை உடைத்தால், கை வைத்தால் உடனே 999 அழைக்கச் சொன்னார். அது ஒருபுறம் இருக்க, நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணைக்கு நீங்களே விண்ணப்பிக்கலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை என்றார். பெண்கள் உரிமைக்கான அவேர் அமைப்பின் பாலியல் வன்கொடுமைப் பராமரிப்பு நிலையத்துக்கும் போன் செய்தேன். அங்கே பேசிய பெண் ஒரே ஒரு வேலை கொடுத்தார்: நடந்ததையெல்லாம் தேதிவாரியாக ஒரு தாளில் எழுதுங்கள், எழுதும்போது கோபப்படாதீர்கள். நல்ல யோசனை. எழுதி முடித்தபோது என் வாழ்க்கையில் இரண்டு மாதம் ஒரு பக்கத்தில் நின்றது.

இங்கே சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் துன்புறுத்தலிலிருந்து பாதுகாப்புச் சட்டம், போஹா என்று எல்லாரும் சொல்வது, 2014இல் வந்தது. அதன் ஏழாவது பிரிவு பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதைப் பற்றியது. அந்தப் பிரிவில் சட்டமே உதாரணங்கள் கொடுக்கிறது. அதில் ஒன்றைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்: ஒருவர் நிறுத்தச் சொல்லிக் கேட்டுக்கொண்ட பிறகும் அவருக்குத் தினமும் பூ அனுப்புவது. பூ என்றே போட்டிருக்கிறது. என் கதையை யாரோ எனக்கு முன்பே எழுதி வைத்துவிட்டதுபோல் இருந்தது.

2021 ஜூன் 1 முதல் இதற்கென்றே தனி நீதிமன்றம் இருக்கிறது. விண்ணப்பம் இணையத்திலேயே, அரசின் மின்னடையாளமான சிங்பாஸ் வைத்து உள்ளே போகலாம். 12ஆம் தேதி ராத்திரி சமையல் மேசையில் உட்கார்ந்து நிரப்பினேன். பாதுகாப்பு ஆணையோடு, அது வரும்வரை தற்காலிகமாக ஒரு விரைவு ஆணையும் கேட்கலாம், இரண்டையும் கேட்டேன். ஒரு கட்டத்தில் எதிர்த்தரப்பின் முகவரி கேட்டது. எனக்கு அவர் பெயரும் எண்ணும்தான் தெரியும். ஆணை அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் செயல்படும். முகவரி இல்லாமல் எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது? அம்மா சத்தமில்லாமல் பூஜை அலமாரியைத் திறந்து, மஞ்சள் தடவிய ஒரு தாளை எடுத்து வந்து வைத்தார். அவர்கள் வீட்டிலிருந்து வந்த ஜாதகக் குறிப்பு. நட்சத்திரம், ராசி, உயரம், சம்பளம், கடைசியில் முகவரி.

அம்மாவுக்கு அதைக் கொடுக்க மனம் வந்தது எனக்குப் பெரிய விஷயம். அதுவரை அவர் கேட்டுக்கொண்டிருந்தது ஒன்றுதான்: "அந்தப் பையன் ஜெயிலுக்குப் போயிடுவானா?" இதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். பாதுகாப்பு ஆணை தண்டனை அல்ல. அது ஒருவரை நிறுத்தச் சொல்லும் உத்தரவு. அதை மீறினால்தான் அது குற்றம். ஏழாவது பிரிவின்கீழ் குற்றவழக்கு நடந்தால் 5,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது. நான் அந்தப் பக்கம் போகவில்லை. எனக்கு அவர் சிறைக்குப் போக வேண்டாம். என் வாசலில் நிற்காமல் இருந்தால் போதும். (கணவன் மனைவிக்கு, குடும்பத்தாருக்குள் நடக்கும் வன்முறைக்கு மாதர் சாசனத்தில் தனி வழி இருக்கிறது. எங்களுக்குள் எந்த உறவும் இல்லாததால் எனக்கு இந்த வழி.)

புத்தாண்டு அன்று விரைவு ஆணை கிடைத்தது. நீதிபதி என்னிடம் அதிகம் கேட்கவில்லை. "நிறுத்தச் சொன்னீர்களா? எப்போது? என்ன வார்த்தையில்?" மார்ச் 14 மெசேஜைக் காட்டினேன். "அதற்கு முன்பு?" என்றார். அத்தை ஜாதகத்தைச் சொன்ன கதையைச் சொன்னேன். ஆங்கிலத்தில் அதைச் சொல்லும்போது எனக்கே அது எவ்வளவு மெலிதாக இருந்தது என்று கேட்டது.

சில வாரம் கழித்து முழு விசாரணை. அதற்கு முன்பு தமிழ் மெசேஜ்களுக்கெல்லாம் சான்று பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டியிருந்தது. இந்த இடத்தைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. அவர் அடிக்கடி எழுதிய ஒரு வாக்கியம்: "உன்ன விடமாட்டேன்." இதை ஐ வோன்ட் லீவ் யூ என்று போட்டால் காதல். ஐ வோன்ட் லெட் யூ கோ என்றால் பிடிவாதம். ஐ வோன்ட் ஸ்பேர் யூ என்றால் மிரட்டல். தமிழில் மூன்றும் ஒரே சொல். மொழிபெயர்ப்பாளர் நடுவில் உள்ளதைப் போட்டார். அது நியாயம்தான். ஆனால் ராத்திரி பதினொன்றரைக்கு, நான் நடந்து வந்த வழியின் படத்துக்குக் கீழே அது வந்தபோது நான் மூன்றாவதாகத்தான் படித்தேன். நீதிபதி எந்த நேரத்தில் வந்தது, அதற்கு முன் என்ன வந்தது என்று வரிசையாகப் பார்த்தார். சட்டமும் அதைத்தான் பார்க்கச் சொல்கிறது: எத்தனை முறை, எவ்வளவு அடிக்கடி, எப்படி, எந்தச் சூழலில், அது பெறுபவருக்கு என்ன செய்யும். தனிச் சொல்லை வைத்து யாரையும் பிடிப்பதில்லை.

"நீ சரின்னு சொல்லலன்னா செத்துடுவேன்" என்பதும் இருந்தது. பள்ளியில் சங்கப் பாடல்களில் மடலேறுதல் படித்தது நினைவுக்கு வந்தது. காதலி கிடைக்காதவன் எருக்கம்பூ சூடி, பனை மட்டையில் செய்த குதிரையில் ஏறி, ஊர் பார்க்கத் தெருவில் வருவான். அவள் வீட்டார் வெட்கப்பட்டுப் பெண் கொடுக்க வேண்டும் என்று. வகுப்பில் அதை அவனுடைய துயரமாகத்தான் படித்தோம். அந்தத் தெருவில் கதவுக்குப் பின்னால் நின்ற பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது நானும் கேட்கவில்லை.

விசாரணைக்கு அவர் தன் அம்மாவோடு வந்தார். முகம் வாடியிருந்தது. கெட்ட மனிதர் என்று நான் இப்போதும் சொல்ல மாட்டேன். நீதிபதி கேட்டபோது, "ஜாதகம்தான் சரியில்லைன்னு சொன்னாங்க. அதைச் சரி பண்ணிட்டேன். அவங்களுக்கு என்னைப் பிடிக்கலைன்னு யாரும் சொல்லல" என்றார். நான் அந்த மெசேஜை எழுதும்வரை அது உண்மை. நீதிபதி மார்ச் 14 தேதியைக் காட்டி, "இதைப் படித்தீர்களா?" என்றார். படித்தேன் என்றார். "படித்த பிறகு பத்தொன்பது முறை பூ அனுப்பினீர்களா?" அவர் தலை குனிந்தார். "கோபத்துல சொல்றாங்கன்னு நினைச்சேன்."

இது குற்றவழக்கு அல்ல. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்ப்பார்கள். நடந்ததா, இனியும் நடக்க வாய்ப்பு இருக்கிறதா, ஆணை கொடுப்பது நியாயமா என்று மூன்றும் வேண்டும். இரண்டாவது கேள்விக்கு, அவர் எங்கள் புளோக் கீழ்த்தளத்தில் நின்றதும், ஆன்ட்டியின் மார்க்கர் தேதிகள் நெருங்கி நெருங்கி வந்ததும் பதில் சொன்னது. ஓர் ஆண்டுக்கு ஆணை: எந்த வழியிலும் தொடர்புகொள்ளக்கூடாது, வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் வரக்கூடாது. அவர் அதை மீறவில்லை. அதற்காக அவரை மதிக்கிறேன்.

இதையெல்லாம் கேட்ட பிறகு என் சித்தப்பா மகன், இருபத்து நான்கு வயது, கவலையோடு கேட்டான்: "அக்கா, அப்போ ஒரு பொண்ணுகிட்ட ரெண்டாவது தடவை கேட்டாலே தப்பா?" அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே ஒருத்தியைப் பிடித்திருந்தது. நான் சட்டத்தில் அந்தப் பூ உதாரணத்தை அவனுக்குப் படித்துக் காட்டினேன். பூ அனுப்பாதே என்று அதில் இல்லை. முதல் சரத்தை யாரும் குற்றம் சொல்லவில்லை. எனக்கு வந்த முதல் சரத்தை நான்கூட வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாமிக்குப் போட்டேன். "நிறுத்தச் சொன்ன பிறகும்" என்ற இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "அவ நேரா சொல்லலைன்னா எனக்கு எப்படித் தெரியும்?" என்றான். இந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பதில் வராத பத்து மெசேஜும் ஒரு பதில்தான் என்று சொன்னேன். ஆனால் சொல்ல வேண்டியவர்கள் சொல்லாமல் கிரகத்தின் பின்னால் ஒளிந்துகொள்வதும் நம் பக்கத்துத் தவறு என்றும் ஒத்துக்கொண்டேன்.

போன வருடம் அத்தை மறுபடி ஒரு வரன் கொண்டுவந்தார். ஒருமுறை சந்தித்தோம். நல்லவர், நன்றாகப் பேசினார், ஆனால் அவருக்கு ஊரோடு போய்விடும் எண்ணம், எனக்கு இல்லை. அன்று ராத்திரி அத்தை போன் செய்தார். "சரிம்மா, நான் வழக்கம்போல ஜாதகம் பொருந்தலைன்னு சொல்லிடட்டுமா?"

"வேண்டாம் அத்தை. நம்பரைக் கொடுங்க, நானே சொல்றேன்."

அத்தை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியைத் தேடும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னார்.