ஓட்டை போடாமல் ஒரு திரைச்சீலை

பூசாத செங்கல் சுவர் பார்க்க அழகுதான். அதில் ஒரு திரைச்சீலை மாட்டிப் பாருங்கள், அப்போது தெரியும். வாடகை வீடு, டிரில் போடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். சரி என்று ஒட்டும் கொக்கி வாங்கி ஒட்டினேன். இரண்டாம் நாள் ராத்திரி கம்பி, துணி எல்லாம் தடாலென்று கீழே. சொரசொரப்பான செங்கலில் பசை மேடுகளை மட்டும்தான் தொடுகிறது, போதாக்குறைக்கு அந்தச் செம்பொடி வேறு.

அப்புறம்தான் செங்கல் கிளிப் பற்றித் தெரிந்தது. ஒரே செங்கலின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் கவ்விப் பிடிக்கும். செங்கலின் உயரத்தை அளந்துதான் வாங்கினேன். ஆனால் இடையிலுள்ள சாந்து கொஞ்சமாவது உள்ளே தள்ளியிருக்க வேண்டுமாம். என் சுவரில் எல்லாம் ஒரே மட்டம். கிளிப்புக்குப் பிடிமானமே இல்லை.

கடைசியில் ஜன்னல் குழிக்குள்ளேயே ஸ்பிரிங் கம்பி. இடைவெளியைவிடச் சற்று நீளமாகத் திருகி வைத்து, அமுக்கி உள்ளே நுழைத்தால், இரண்டு பக்க ரப்பர் முனைகளும் சுவரை அழுத்திக்கொண்டு நிற்கின்றன. கனமான துணியைத் தாங்காது, மெல்லிய பருத்திதான் சரி. மூன்று வாரமாக விழவில்லை. பூனை இன்னும் அதைக் கவனிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.