சாப்பிடுகிறவரும் சமைக்கிறவரும்

திருநெல்வேலிப் பக்கம் ஒரு சர்க்கரை நோய் மருத்துவமனையில் உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். டாக்டரைப் பார்த்து முடித்தவர்கள் அடுத்து என் அறைக்கு வருவார்கள். காலையில் மூன்று இட்லி, மதியம் ஒரு கப் சோறு, இரண்டு கப் காய் என்று அச்சடித்த தாளைக் கொடுத்து விளக்குவேன். வருகிறவர் ஆணாக இருந்தால் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். அடுத்த முறை வரும்போதும் அது அதே மடிப்போடு அதே பையில் இருக்கும். வீட்டில் அடுப்படியில் நிற்கிறவருக்கு அப்படி ஒரு தாள் இருப்பதே தெரியாது.

பெண்கள் கதை வேறு. சமைப்பது அவர்கள்தான், ஆனால் தனக்கென்று சமைப்பதில்லை. "எல்லாரும் சாப்பிட்டு முடிச்ச பொறவு மூணு மணிக்கு மிச்சம் என்ன கிடக்கோ அதுதாம்மா எனக்கு. கொட்டவா முடியும்?" என்று ஒரு அக்கா கேட்டார். எந்த வீட்டிலும் காய்தான் முதலில் தீரும். மிஞ்சுவது சோறும் குழம்பும். அவருக்கு சுகர் ஏன் இறங்கவில்லை என்று தெரிந்துகொள்ள இதற்கு மேல் ஒரு ரிப்போர்ட் வேண்டுமா?

சமையல் வகுப்பு நடத்தலாம் என்று நிர்வாகத்திடம் போய் நின்றபோது, "நாம ஆஸ்பத்திரி நடத்துறோமா, மெஸ் நடத்துறோமா?" என்றுதான் முதலில் கேட்டார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் வந்திருந்தது. நாட்டில் சர்க்கரை நோயாளிகள் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர், தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் என்ற கணக்கைக் காட்டினேன். 2021 ஆகஸ்டிலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரையே வீட்டு வாசலுக்குப் போகிறது, அடுப்பங்கரைக்குள் போகத்தான் ஆள் இல்லை என்றும் சொன்னேன். கணக்கு எடுபட்டதா, என் நச்சரிப்பு எடுபட்டதா தெரியாது. மாடியில் பழைய ஃபைல்கள் அடைத்து வைத்திருந்த அறை கிடைத்தது. இரண்டு பர்னர் அடுப்பு, ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், ஒரு டிஜிட்டல் தராசு. போதும்.

நிபந்தனைகள் மூன்றுதான். சாப்பிடுகிறவரும் சமைக்கிறவரும் சேர்ந்து வரவேண்டும். வழக்கமான நேரத்துக்குச் சாப்பிட்டு, மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டுதான் வரவேண்டும். சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் கிரியாட்டினின் ரிப்போர்ட்டை, அதாவது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனையை, முன்னாடியே காட்டவேண்டும். அவர்களுக்குப் பருப்பு அளவும் காய் வகையும் மாறும், மற்றவர்களுக்குச் சொல்வதை அவர்களுக்குச் சொல்லக்கூடாது. இதில் இரண்டாவதைத்தான் யாரும் மதிப்பதில்லை. சமையல் வகுப்பு என்றதும், எப்படியும் அங்கே சாப்பாடு கிடைக்கும் என்று மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு வெறும் வயிற்றோடு வந்துவிடுகிறார்கள். பதினொரு மணிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த ஒருவருக்குக் கை நடுங்கி, நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. விரலில் குத்திச் சுகர் பார்த்தால் 62. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரைதான். மூன்று டீஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்தோம், ஏறியிருந்தது. சர்க்கரையைக் குறைக்கிற வகுப்பில் உப்பு டப்பாவுக்குப் பக்கத்திலேயே குளுக்கோஸ் டப்பாவும் நிற்பதைப் பார்த்துப் புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள்.

'டயபெடிக் ரெசிபி' எதையும் சொல்லிக் கொடுப்பதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்திருந்தேன். ஓட்ஸ் இட்லி, கினோவா உப்புமா எல்லாம் ஒரு வாரம் ஓடும். இரண்டாவது வாரம் அந்த பாக்கெட்டில் வண்டு விழுந்திருக்கும். அதே சாம்பார், அதே பொரியல், அதே புளிக்குழம்புதான். அளவு மட்டும் மாறும்.

அளவு என்று வாயால் சொன்னால் ஏறாது. வடித்த சோற்றை நடுவில் வைத்து, "வீட்டுல போடுற மாதிரி போட்டுக்கோங்க" என்பேன். எல்லாரும் போட்ட பிறகு தட்டுகளைத் தராசில் வைப்போம். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் அண்ணாச்சி ஒருவர், "நான் கொஞ்சமாத்தான் சாப்பிடுவேன்" என்று சொல்லிக்கொண்டே போட்டது 450 கிராம். வெந்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து இருக்கும். அவர் தட்டில் மட்டும் 125 கிராமுக்கு மேல். அதற்கப்புறம் ரசத்துக்கு ஒரு கை, மோருக்கு ஒரு கை வேறு. இதை இத்தனை ஸ்பூன் சீனி என்று மாற்றிச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. அந்தப் பயம் வீட்டுப் படி ஏறுவதற்குள் இறங்கிவிடும். அண்ணாச்சியின் மனைவி தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் வீட்டுச் சோற்றுக் கரண்டியையே கொண்டுவந்து, அதில் ஒன்று எத்தனை கிராம் என்று நிறுத்துப் பார்த்துக்கொண்டு போனார். அந்த வீட்டில் இனி நான் சொல்ல வேண்டியது எதுவும் இல்லை.

எண்ணெயும் அப்படித்தான். நான்கு பேருக்கான பீன்ஸ் பொரியலுக்கு வழக்கமாக ஊற்றுகிற எண்ணெயை ஒரு கிண்ணத்தில் ஊற்றச் சொல்லி டீஸ்பூனால் அளந்தால் எட்டு வரும், பத்தும் வரும். எண்ணெய் சுகரை உடனே ஏற்றாது. ஆனால் ஒரு டீஸ்பூன் 40 கலோரிக்கு மேல். வயிற்றில் சதை போட்டால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. அகலமான வாணலியில் இரண்டு ஸ்பூன் ஊற்றினால் அது பரவிப்போய் கடுகு வெடிக்காமல் கருகும், உடனே கை இன்னும் கொஞ்சம் ஊற்றும். அதனால் முறையை மாற்றினோம். காயை ஒரு கை தண்ணீர் தெளித்து மூடி வேகவைத்து, தண்ணீர் சுண்டிய பிறகு, தாளிக்கிற குழிக்கரண்டியில் இரண்டு ஸ்பூன் எண்ணெயில் கடுகு, உளுந்து, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுவது. குழிக்கரண்டியில் எண்ணெய் ஓரிடத்தில் நிற்கும், கடுகு நன்றாக வெடிக்கும். பீன்ஸை அண்ணாச்சிகள்தான் நறுக்கவேண்டும். பந்திக்கு வந்தவர்கள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க விடுவதில்லை.

எங்கள் ஊரில் அல்வாவால் எனக்குப் பெரிய தொல்லை கிடையாது. அல்வா தப்பு என்று தின்கிறவருக்கே தெரியும். தொல்லை கருப்பட்டிதான். உடன்குடிக் கருப்பட்டி போட்ட காப்பியைக் குடித்துவிட்டு, "அது மருந்துல்லா?" என்பார்கள். பனையில் வந்தாலும் கரும்பில் வந்தாலும் இரத்தத்தில் ஏறுவது ஏறும். அதைவிடச் சிக்கல் கேப்பைக் கூழ். சுகருக்கு நல்லது என்று நம்பிக் காலையில் பெரிய செம்பு நிறையக் குடிக்கிறார்கள். கேப்பையில் நாரும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம், உண்மைதான். ஆனால் மாவுச்சத்து கிட்டத்தட்ட அரிசி அளவுக்கு இருக்கிறது. நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சினால் மெல்லவும் வேலையில்லை, செரிக்கவும் வேலையில்லை, மளமளவென்று ஏறிவிடும். அதே மாவில் முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டு இரண்டு அடை தட்டி, கூடவே ஒரு கிண்ணம் சுண்டல் சாப்பிடுங்கள் என்று சுட்டுக் காட்டுவேன்.

வகுப்பில் எனக்குப் பிடித்த நாள் உளுந்தஞ்சோறு செய்கிற நாள். தொலி உளுந்தை வாசம் வர வறுத்து, அரிசியோடு பூண்டு, வெந்தயம், தேங்காய்ப்பூ சேர்த்து வேகவைப்பது எல்லா வீட்டிலும் தெரிந்ததுதான். வழக்கமாக அரிசி இரண்டு பங்கு, உளுந்து ஒரு பங்கு போடுவார்கள். நாங்கள் இரண்டும் சமமாகப் போட்டு, தேங்காயைக் குறைத்து, அவியலைக் கூட்டினோம். எள்ளுத் துவையல் அப்படியே. வயதான ஆச்சி ஒருவர் ஒரு வாய் எடுத்துவிட்டு, "எங்க அம்மா வச்சது இப்படித்தான் இருக்கும். அரிசி விலை கூடுன காலம்" என்றார். பாதிப் பேர் முகத்தில் அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது. நான் சொல்லி வந்திருக்காது.

முதல் வாய் வைத்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தோம். சிலருக்கு வழக்கத்தைவிட நன்றாகவே குறைந்திருந்தது. இரண்டொருவருக்கு எந்த மாற்றமும் இல்லை. காயை முதலில் தின்று, சோற்றைக் கடைசியில் தொட்டவர்களுக்கு ஏற்றம் மெதுவாக இருந்தது. ஆய்வுகளிலும் அப்படித்தான் வந்திருக்கிறது. ஆனாலும் ஒரே சாப்பாடு எல்லார் உடம்பிலும் ஒரே மாதிரி வேலை செய்யாது. அதைச் சொல்லாமல் விட்டால், நம்பர் இறங்காதவர் மறுநாளே பழைய தட்டுக்குப் போய்விடுவார். வகுப்புக்கு வந்ததால் மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று கேட்கிறவர்களும் உண்டு. அது டாக்டர் முடிவு செய்ய வேண்டியது என்று ஒவ்வொரு முறையும் சொல்லித்தான் அனுப்புகிறேன்.

வேலைக்குப் போகிற மகள்களும் மருமகள்களும் பகல் வகுப்புக்கு வர முடியாததால் இப்போது சனிக்கிழமை சாயங்காலமும் ஒன்று நடக்கிறது. கண்டக்டர் அண்ணாச்சி அதில் ஒரு கோரிக்கை வைத்திருக்கிறார். வீட்டுச் சாப்பாடு சரியாகிவிட்டதாம், கல்யாண வீட்டுப் பந்தியில் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லையாம். நியாயமான கேள்வி. அதனால் அடுத்த வகுப்பில் அடுப்பே பற்றவைக்கப் போவதில்லை. வாழை இலை போட்டு முழு விருந்தும் பரிமாறி, அவியலையும் கூட்டையும் இரண்டு தடவை வாங்குவது, சாம்பாரோடு சோற்றை முடித்துக்கொள்வது, பரிமாறுகிற மாமா மனம் நோகாமல் கையை இலைக்குக் குறுக்கே நீட்டி மறிப்பது எல்லாம் பழகப் போகிறோம். பாயசம் எத்தனை ஸ்பூன் என்பதில் அண்ணாச்சிக்கும் எனக்கும் இன்னும் பேரம் முடியவில்லை. ஆவணி முகூர்த்தங்கள் தொடங்குவதற்குள் முடித்தாக வேண்டும்.