அக்னி தீர்த்தக் கரையில் அப்பாவின் வேட்டி

அப்பாவின் வருஷ திதி முடிந்த கையோடு ராமேஸ்வரம் போய் வந்துவிட வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். பாம்பன் புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்ததிலிருந்து ரயில் மறுபடியும் ஊருக்குள்ளேயே போகிறது. மதுரையில் ஏறினோம். வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்த அம்மா, பாலம் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். 1914-இல் திறந்த பழைய பாலத்தில் அப்பாவோடு ஒருமுறை வந்திருக்கிறார். அவர் மடியில் இருந்த பைக்குள் அப்பாவின் வேட்டி ஒன்று மடித்து வைத்திருந்தது. அதைக் கடலில் விடப் போவதாக வீட்டிலேயே சொல்லியிருந்தார்.

விடியற்காலையில் ஸ்படிக லிங்க தரிசனம். அதை முடித்துக்கொண்டு கிழக்குக் கோபுரத்தைத் தாண்டி நடந்தால் சில நிமிடங்களில் கடல். அதுதான் அக்னி தீர்த்தம். அலையே இல்லை, குளம் மாதிரி கிடக்கிறது. கரை நெடுக எள்ளும் தர்ப்பையும் பிண்டமுமாகக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெரியவர் தண்ணீரில் நின்று இரண்டு கையாலும் அள்ளி விட்டுக்கொண்டே அழுதார். அந்த நேரத்தில் அவருக்கு எதிரே ஒரு பையன் போனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். கோபுரத்தை, கடலை எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் ஒருவர் தன் அப்பா அம்மாவுக்கு நீர் விடுவது வேடிக்கை பார்க்கும் காட்சி இல்லை. அங்கே கொஞ்சம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பதுதான் மரியாதை.

தர்ப்பணம் முடிந்தது. அம்மா வேட்டியை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். நாலடி தள்ளி, துப்புரவுப் பணி செய்யும் ஒரு பெண் மணலில் புதைந்த புடவை ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தார். உப்பும் மணலும் ஏறிக் கனத்துப்போன புடவை. அவர் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. அவர் பின்னால் சட்டை, துண்டு, வேட்டி என்று ஈரத்துணி இடுப்பளவுக்குக் குவிந்திருந்தது. அம்மா பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "கடல்ல விட்டா போயிருமாம்மா? எல்லாம் கரைக்குத்தான் வருது. நாங்கதான் அள்ளணும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அலுப்புதான்.

அம்மா வேட்டியை மறுபடி மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார்.

அப்புறம் கோயிலுக்குள் 22 தீர்த்தம். மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கிக் கோடி தீர்த்தத்தில் முடிகிறது. கிணற்று விளிம்பில் ஏறி நிற்கிறவர் கயிறு கட்டிய சின்ன வாளியை வீசுகிறார். சரக்கென்று இழுத்து, நிமிர்வதற்குள் தலையில் கொட்டிவிடுகிறார். கடல் இவ்வளவு பக்கத்தில் இருந்தும், நாக்கில் பட்ட தண்ணீரில் பல இடங்களில் உப்பே தெரியவில்லை. தரை முழுக்க ஈரம். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் கையை விடாதீர்கள்.

சக்கர தீர்த்தத்துப் பக்கம் வடக்கிலிருந்து வந்த ஒரு பாட்டி நின்றிருந்தார். வாய் அடைத்த சின்னச் செம்பு ஒன்றை மார்போடு அணைத்திருந்தார். கங்கை நீர். இங்கிருந்து மணல் எடுத்துப் போய்த் திரிவேணியில் கரைத்து, கங்கையைக் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்தால்தான் காசி யாத்திரை நிறைவு என்பது மரபு. அந்தப் பாட்டி எத்தனை வருஷம் காத்திருந்தாரோ! ரயில் ஏறினால் சில மணி நேரத்தில் வந்துவிடும் தூரத்தில் இருக்கிற நான் இத்தனை நாள் வராமல் இருந்தேனே என்று மனசு உறுத்தியது. அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு இந்தி தெரியாது. அம்மா வழிவிட்டு நின்றார். அவர் அம்மாவின் முழங்கையைப் பிடித்துச் சேர்த்துக்கொண்டார். இருவர் தலையிலும் ஒரே வாளித் தண்ணீர் விழுந்தது.

ஈரத்துணியோடு சன்னதிக்குப் போகக்கூடாது. உடை மாற்றும் இடத்தில் பையைத் திறந்தால், மாற்றுக்கு நான் எடுத்து வைத்திருந்தது பேன்ட்தான். அம்மா ஒன்றும் சொல்லாமல் தன் பையிலிருந்து அப்பாவின் வேட்டியை எடுத்து நீட்டினார். "இதைக் கட்டிக்கோப்பா."

அனுமன் கயிலையிலிருந்து லிங்கம் கொண்டுவரத் தாமதமானதால், சீதை மணலில் பிடித்த லிங்கத்துக்கே ராமர் பூஜை செய்தார் என்பது தலபுராணம். அனுமன் வாடிவிடக் கூடாது என்று, அவர் கொண்டுவந்த விஸ்வநாதருக்குத்தான் முதல் பூஜை என்றும் ராமர் சொல்லிவிட்டார். தாமதமாக வந்தவரையும் முன்னால் நிறுத்திய அந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும். நாங்களும் விஸ்வநாதரைக் கும்பிட்டுவிட்டுத்தான் ராமநாதரிடம் போனோம். தீபாராதனை காட்டும்போது அம்மா மூலவரைப் பார்த்தார். பிறகு திரும்பி, என் இடுப்பில் இருந்த வேட்டிக் கரையை ஒருமுறை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வெளியே மூன்றாம் பிரகாரத்தின் 1,212 தூண்களுக்கு நடுவே மெதுவாக நடந்தோம். அப்பா என்னைவிட உயரம். வேட்டி தரையில் இழுபட்டுக்கொண்டே வந்தது. "தூக்கிக் கட்டுப்பா, அழுக்காகுது" என்றார் அம்மா.