எபெரானுக்குக் குடிபெயரலாமா? சோதனை ஆட்டத்தின் குறிப்புகள்

எங்கள் குழு நெடுங்காலமாக ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்னும் கற்பனை உலகிலேயே, ஆளுக்கொரு கதாபாத்திரமாக நடித்து ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை ஆடி வந்தது. அந்தக் கேம்பெயின் (நெடுந்தொடராக ஆடும் கதை) நிறைவுற்றதும், அடுத்ததை எபெரான் என்னும் வேறொரு கற்பனை உலகில் நடத்தலாம் என்று குழுவில் ஒருவர் சொன்னார். 2002இல் விஸர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் நடத்திய போட்டிக்கு வந்த 11,000-க்கும் மேற்பட்ட முன்மொழிவுகளிலிருந்து தேர்வான கீத் பேக்கரின் படைப்பு அது. 2004இல் முதலில் வெளியாகி, 2019இல் ஐந்தாம் பதிப்பு விதிகளுக்கு ஏற்ப மீண்டும் வந்தது. எனவே பழைய உலகம்தான். எங்களுக்கு மட்டுமே புதிது. கதையை நடத்திச் செல்லும் டன்ஜன் மாஸ்டர் என்ற முறையில் நான் அறிய விரும்பியது ஒன்றே: படிக்கச் சுவையான இந்த உலகம், அடுத்த செஷனில் ஆடுவோருக்குச் செய்வதற்கு ஏதாவது தருமா?

இத்தகைய உலகங்களை விவரிக்கும் நூல்களில் ஆயிரமாண்டு வரலாறும் அரச வம்சப் பட்டியலும் நிறைந்திருக்கும். அவற்றில் பெரும்பகுதி மேசைக்கு வருவதே இல்லை. ஆகவே, இரண்டு கதாபாத்திரங்கள் எதிரெதிர்ப் பக்கம் நின்று வாதிடக்கூடிய வழக்கு ஒன்று எந்த அத்தியாயத்தில் இல்லையோ அதைத் தாண்டிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு படித்தேன். எபெரானில் தாண்ட வேண்டிய பக்கங்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. அந்த உலகின் சொந்த ஆண்டுக் கணக்குப்படி, ஜாரட் மன்னர் இறந்த 894ஆம் ஆண்டில் மூண்ட வாரிசுப் போர், ஒரு நூற்றாண்டுக்கும் மேல் நீடித்து 996இல் த்ரோன்ஹோல்ட் உடன்படிக்கையுடன் முடிகிறது. ஆட்டம் தொடங்குவதோ 998இல். போரின் நிழல் படாத கதாபாத்திரமே இந்த உலகில் இருக்க முடியாது. போதாக்குறைக்கு, 994இல் சைர் என்னும் நாடு ஒரே நாளில் அழிந்திருக்கிறது. காரணத்தைப் படைப்பாளர்கள் வேண்டுமென்றே சொல்லவில்லை. அதிகாரபூர்வக் காலக்கோடும் 998ஐத் தாண்டி நகர்வதில்லை. பதிப்புக்குப் பதிப்பு கடவுளர் மடிவதும் நிலப்படம் மாறுவதுமாக இருந்த ரெல்ம்ஸில் புழங்கிய எனக்கு, இந்த நின்றுபோன கடிகாரம் பெரிய ஆறுதல்.

படித்ததை ஒரே பக்கத்தில் சுருக்கி எழுதிக் குழுவினரிடம் கொடுத்தேன். முதற்சுற்றுக்கு ஒரு பக்க முன்மொழிவையே அந்தப் போட்டியும் கேட்டது என்பதால், அதே அளவுகோலை இங்கே வைப்பது நியாயமாகப் பட்டது. பக்கத்தின் அடியில் ஒரே ஒரு கேள்வி: போரில் நீங்கள் எந்தப் பக்கம் இருந்தீர்கள்? வந்த பதில்களே பாதி முடிவைச் சொல்லிவிட்டன. ஒருவர் நாட்டை இழந்த சைர் அகதியானார். இன்னொருவர் கானித் குடும்பத்தின் பட்டறையில் போருக்காகவே செய்யப்பட்டு, உடன்படிக்கையால் விடுதலை பெற்ற வார்ஃபோர்ஜ்ட் (உயிருள்ள இயந்திர வீரர்) ஆகி, சண்டையைத் தவிர வேறு தொழில் தெரியாமல் நின்றார். டைனோசர் மீது சவாரி செய்யும் டலெண்டா சமவெளி ஹாஃப்லிங்குகளை (குள்ள இனத்தாரை) பற்றிய வரியைப் படித்த மூன்றாமவர் அதற்குமேல் ஒரு சொல்லும் படிக்கவில்லை என்றே சந்தேகிக்கிறேன். ஆனாலும் ஆடுவதற்கு மனம் கொள்ளும் வழிகளில் அதுவும் ஒன்றுதானே.

வலிமை மிக்க துணைப் பாத்திரங்கள் கையாளப்பட்ட விதமும் என்னை ஈர்த்தது. ரெல்ம்ஸில் எல்மின்ஸ்டரைப் போன்ற மந்திரவாதி இருக்கும்போது, இந்த ஆபத்தை அவரே தீர்க்கலாமே என்று ஆடுவோர் கேட்பார்கள்; ஒவ்வொரு முறையும் ஒரு சாக்கு தேட வேண்டியிருக்கும். எபெரானில் வெள்ளிச் சுடர் சமயத்தின் தலைவியான ஜயேலா டாரன் பதினோரு வயதுச் சிறுமி; பேராலயத்துக்குள் மட்டுமே அவளுக்குப் பேராற்றல், வெளியே வந்தால் சாதாரணப் பூசாரியின் அளவுதான். ஓலியன் என்ற மூத்த டிரூயிட் (இயற்கையை வழிபடும் பூசாரி) பேசும் மரம். இடம்விட்டு நகர வழியே இல்லை. உலகைக் காக்கும் வேலை கதாபாத்திரங்களின் தலையில்தான் விழும் என்பதை அமைப்பிலேயே வைத்திருக்கிறார்கள்.

காகிதத்தில் இத்தனை நன்றாக இருந்ததை, வானளாவிய கோபுரங்களின் நகரமான ஷார்னில் நடக்கும் ஒரு கொலை விசாரணையாக ஆடிப் பார்த்தோம். சிக்கல்கள் அங்கேதான் தென்பட்டன. இந்த உலகில் சிறு மந்திரங்கள் அன்றாடத் தொழிலாகிவிட்டன: அணையாத தெருவிளக்குகள், நகரங்களுக்கிடையே செய்தி கடத்தும் பேசும் கற்கள், மணிக்கு ஏறத்தாழ 30 மைல் ஓடும் மின்னல் ரயில். ஐந்தாம் பதிப்பு விதிகளின்படி வழக்கமான நடை வேகத்தில் ஒரு குழு ஒரு நாளில் 24 மைல் செல்லும். அந்தத் தொலைவை இங்கே ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடலாம். எனவே காட்டு வழி, இரவுக் காவல், பகடை உருட்டித் தீர்மானிக்கும் எதிர்பாராத மோதல் என்று நான் வழக்கமாகச் செஷன்களை நிரப்பிய சரக்கு பெரும்பாலும் செல்லாக்காசாயிற்று. கொலையாளி ரயிலேறித் தப்பியபோது நான் ஒரு நெடிய துரத்தலை எதிர்பார்த்திருந்தேன். ஆடுவோரோ செய்தி நிலையத்துக்குப் போய், அடுத்த நகரத்தின் காவலருக்குத் தகவல் அனுப்பி, அவன் இறங்கும் இடத்திலேயே பிடிக்க ஏற்பாடு செய்தார்கள். அது நேர்மையான, புத்திசாலித்தனமான ஆட்டம். மறுக்க எனக்கு எந்த முகாந்திரமும் இல்லை.

ஆயினும், சற்று யோசித்தபின் இதைக் குறை என்று சொல்ல மனம் வரவில்லை. சைர் அழிந்தபோது அதன் வழியே சென்ற ரயில் பாதையும் அற்றுப்போனது. மேற்கும் கிழக்கும் இணையாமல் நிற்கின்றன. பழைய பாணிப் பயணம் வேண்டுமென்றால் அந்த இடைவெளி காத்திருக்கிறது. செய்தி அனுப்புவதையும் அந்தச் செய்தி எவர் கையில் சிக்கும் என்பதையும் கதையாக்க முடியும். மர்மத்தைத் தகவல் தாமதத்தின் மீது கட்டாமல் சாட்சிகளின் பொய் மீது கட்ட வேண்டும் என்பதே நான் எடுத்துக்கொண்ட பாடம். அப்படி எழுதுவது எனக்குக் கூடுதல் உழைப்பு. அதை மறைக்க விரும்பவில்லை.

டிராகன்மார்க் (சில குடும்பங்களில் வழிவழியாக உடலில் தோன்றி மந்திர ஆற்றல் தரும் முத்திரை) விதிகள் குறித்த மனத்தாங்கல் சிறியது. குணமாக்கும் முத்திரை ஹாஃப்லிங்குகளுக்கு மட்டுமே என்பது போன்ற, 2019 நூலின் இனக் கட்டுப்பாடுகளை, உரிய கதைக் காரணம் இருந்தால் தளர்த்தலாம் என்று முடிவு செய்தோம். பெரிய எதிர்ப்பு, எப்போதும் கிளெரிக் (தெய்வத்தின் பேரால் மந்திரம் செய்யும் பூசாரி) பாத்திரமே ஆடும் எங்கள் நண்பரிடமிருந்து வந்தது. ரெல்ம்ஸில் கடவுளர் மண்ணில் இறங்கி நடந்திருக்கிறார்கள். அவருடைய பாத்திரம் தன் தெய்வத்தோடு நேரில் பேசிப் பழகியது. எபெரானில் கடவுள் உண்டா என்பதே உறுதியில்லை. நம்பிக்கையே ஆற்றல் தருகிறது. நெறி தவறிய பூசாரிக்கும் மந்திரம் பலிக்கிறது. கேள்விக்குப் பதில் வராத கோயிலில் நான் எதற்குப் பூசை செய்ய வேண்டும் என்று அவர் கேட்டார். எனக்கு இந்த ஐயமே உலகின் மிகச் சிறந்த பகுதியாகத் தோன்றுகிறது. ஆனால் விரும்பாதவரை வற்புறுத்திச் சுவைக்க வைக்க முடியாது. அவர் இம்முறை ஆர்டிஃபைசர் (மந்திரக் கருவிகள் செய்யும் கைவினைஞர்) ஆடிப் பார்க்க இசைந்திருக்கிறார், முழு மனதோடு அல்ல.

எனவே வரம்புகளோடு ஏற்றுக்கொண்டோம். கதை ப்ரெலண்ட் நாட்டுக்குள், பெரும்பாலும் ஷார்னிலேயே நடக்கும். பிற கண்டங்களை இப்போதைக்குத் தொடுவதில்லை. சைரின் அழிவுக்கான விடையை, ஆடுவோர் தாமாகத் தேடிப் போகும்வரை நானும் தீர்மானிக்கப்போவதில்லை. கதாபாத்திரங்கள் அனுபவத்தால் உயர்ந்து ஐந்தாம் நிலையை எட்டியதும் மறுபடி வாக்கெடுப்பு. அந்த நிலையில்தான் கதாபாத்திரங்களுக்கு, மந்திரங்களுக்கென்று உள்ள தனி வரிசையில் மூன்றாம் நிலை மந்திரங்கள் கிடைக்கும். எபெரானின் அன்றாட மந்திரத் தொழில்கள் ஏறத்தாழ அந்த உயரத்தோடு நின்றுவிடுகின்றன. ஊரார் செய்ய இயலாததை இவர்கள் செய்யத் தொடங்கும்போதும் இந்த உலகம் தாக்குப்பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு, மேலே தொடர்வதா, கிளெரிக்கின் கட்சிக்கு விட்டுக்கொடுத்து ரெல்ம்ஸுக்கே திரும்புவதா என்று முடிவெடுப்போம்.